வேண்டுமென்றே சேர்க்கும் மாசு

மரத்தூளையோ கரும்புச் சக்கையையோ காற்றுப் படாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, எழும் ஆவியைச் சட்டென்று குளிரவைத்தால் கரும்பழுப்பு நிறத்தில், புகைநெடியோடு ஒரு திரவம் கிடைக்கும். இதை உயிர் எண்ணெய் என்கிறார்கள். அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்சிஜன், தண்ணீரும் ஏராளம். போதாததற்கு, வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலமும் இதில் உண்டு; அது குழாய்களை அரிக்கும்.

இந்த அமிலத்தை உருப்படியாக்கும் வழி பழையதுதான். முதல் உலகப் போருக்கு முன்பு, மரத்திலிருந்து வடித்த அமிலத்தில் சுண்ணாம்பைச் சேர்த்து, கிடைத்த கால்சியம் அசிட்டேட்டைச் சூடாக்கியே அசிட்டோன் எடுத்தார்கள். பிரிட்டனின் கார்டைட் வெடிமருந்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் சுண்ணாம்பு ஒவ்வொரு முறையும் கார்பனேட்டாகிச் செலவாகிவிடும். சீரியம் ஆக்சைடு அப்படிச் செலவாகாத வினையூக்கி. 300 முதல் 400 டிகிரியில் அதன் பரப்பில் இரண்டு அமில மூலக்கூறுகள் இணைந்து ஓர் அசிட்டோனாகும். வேண்டாத ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறும். அசிட்டோன் மூலக்கூறுகளை மேலும் கோத்து எரிபொருளுக்கேற்ற நீண்ட சங்கிலிகளாக்கலாம்.

சீரியம் ஆக்சைடின் படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். இருக்கையெல்லாம் நிரம்பிய பேருந்தில் ஏறுபவரைப் போல, குறையற்ற பரப்புக்கு வரும் மூலக்கூறுக்கு எளிதில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஓர் ஆக்சிஜன் விலகிய இடத்தில் சீரியம் நன்றாக வெளித்தெரியும். அமிலத்தின் ஆக்சிஜன் அதைப் பற்றிக்கொள்ளும். பக்கத்திலுள்ள படிக ஆக்சிஜன் அமிலத்தின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும்.

இந்தக் காலியிடங்களைப் பெருக்கவே மாசூட்டல், அதாவது படிகத்தில் வேறு தனிமத்தின் அணுக்களை வேண்டுமென்றே சேர்ப்பது. சீரியம் அயனியின் மின்னூட்டம் +4, லாந்தனத்துக்கு +3. இரண்டு சீரியத்தை எடுத்துவிட்டு இரண்டு லாந்தனத்தை வைத்தால் நேர்மின்னூட்டத்தில் 2 குறையும். கணக்கு நேராக, −2 கொண்ட ஓர் ஆக்சிஜன் வெளியேறியாக வேண்டும். சிர்கோனியத்தின் வழி வேறு. மின்னூட்டம் அதே +4. ஆனால் உருவம் சிறியது. சீரியத்தின் ஆரம் 0.97 ஆங்ஸ்ட்ராம் என்றால் இதற்கு 0.84. அது அமர்ந்த இடத்தில் படிகம் கோணுகிறது, அருகிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கழல்கிறது. சூட்டில் நுண்துகள்கள் ஒட்டிப் பருத்துப் பரப்பை இழப்பதையும் சிர்கோனியம் மட்டுப்படுத்தும். கார் புகைக்குழாயின் வினையூக்கிப் பெட்டியிலும் இதே சீரியம்-சிர்கோனியம் ஜோடியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இரண்டுக்கும் மூலம் உண்டு: மோனசைட்டில் சீரியம், சிர்கானில் சிர்கோனியம்.

அளவு மீறினால் ஆதாயம் போய்விடும். லாந்தனம் மிகுந்தால் பரப்பின் காரத்தன்மை கூடி, அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சில மாசுகள் படிகத்தில் கலக்காமல் தனி ஆக்சைடாக ஒதுங்கிவிடும். உயிர் எண்ணெயில் உள்ள தண்ணீர் வேறு அதே காலியிடங்களுக்குப் போட்டியிடும். ஆகவே வினையூக்கி செய்பவர்கள் காலியிடங்களை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. வந்தமர்ந்த மூலக்கூறு வேலை முடிந்ததும் எழுந்து போகிறதா என்பதையும் பார்த்தே மாசின் அளவை முடிவு செய்கிறார்கள்.