விசைப்படகு கிளம்ப மறுத்தால்

மழைக்காலம் கழிந்து கடல் தணிந்ததும், மும்பைத் துறைமுகத்தைச் சார்ந்த உல்லாசப் படகுகள் மீண்டும் நீரில் இறங்குகின்றன. விடுமுறை நாள்களில் நண்பர்களின் படகில் மாண்ட்வாப் பக்கம் சென்று வருகிற குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அத்தகைய பிரயாணம் ஒன்றில் நேர்ந்ததை அன்பர்களுக்குக் கூறுவது பயனுடையதென எண்ணுகிறேன்.

பிற்பகலில் திரும்பப் புறப்படும் வேளை. நண்பர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஓர் ஓசை, அவ்வளவே. டீசல் யந்திரம் சுழலவில்லை. படகில் குழந்தைகளும் பெண்டிருமாக எண்மர் இருந்தோம். நல்லவேளையாக நங்கூரம் ஊன்றியிருந்தது. யந்திரம் நின்ற படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும். ஆதலால் இத்தகைய நிலையில் முதல் வேலை நங்கூரமிடுதலே ஆகும். பழுதைத் தேடுவது அதற்கு அடுத்தது.

"பாட்டரி செத்துவிட்டது" என்றார் நண்பர். விளக்கோ பளிச்சென்று எரிந்தது. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

விளக்குக்கு ஓரிரு ஆம்பியர் மின்னோட்டம் போதும். சிறிய டீசல் யந்திரத்தைச் சுழற்றும் ஸ்டார்ட்டருக்கோ 200 ஆம்பியர் கூடத் தேவைப்படலாம். இணைப்பு ஒன்றில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டானாலும், 200 ஆம்பியர் ஓடும்போது அவ்விடத்திலேயே 2 வோல்ட் வீணாகிவிடும். எனவே, விளக்கு எரிவதைக் கொண்டு எல்லாம் செம்மையாக உள்ளதென முடிவு செய்தல் ஆகாது.

ஓசையைக் கொண்டே பழுதை ஓரளவு ஊகிக்கலாம். "டகடக" என அடுக்கடுக்காக ஒலித்தால், பெரும்பாலும் பாட்டரியில் மின்சாரம் குறைவு, அல்லது இணைப்பு தளர்வு. ஒரே "டக்" எனில், இணைப்பையும், சொலினாய்டையும், ஸ்டார்ட்டரையும் ஐயுற வேண்டும். ஓசையே இல்லையெனில் பிரதான சுவிட்சு, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கியர் நடுநிலையில் இல்லாவிடினும் பல படகுகளில் ஸ்டார்ட்டர் இயங்காது. யந்திரம் நன்கு சுழன்றும் தீப்பற்றவில்லையெனில், எரிபொருளையும், யந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் முதலில் நோக்குக.

அடுத்தது அளவை. சும்மா இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி, முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதென்று பொருள். சாவியைத் திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுமானால் பாட்டரி வலுவிழந்தது எனலாம். எங்கள் படகில் சும்மா இருக்கையில் 12.6 இருந்தது. சாவியைத் திருப்பியபோது பாட்டரியின் ஈய முனைகளில் 12.4, ஸ்டார்ட்டரிலோ 4 வோல்ட் மட்டுமே! பாட்டரி குற்றமற்றது. இடைவழியில்தான் கொள்ளை போயிற்று.

பிரதான சுவிட்சை அணைத்து, நெகட்டிவ் முனையை முதலிலும் பாசிட்டிவ் முனையை அடுத்தும் கழற்றினோம். பித்தளைப் பிடியின் உட்புறம் முழுவதும் களிம்பு! புளியிட்டுத் துலக்கும் பித்தளைப் பாத்திரத்தில் பூக்கிறதே, அதே பச்சைக் களிம்புதான். நான்கு மாத ஈரமும் உப்புக் காற்றும் செய்த வேலை. கத்தியால் பளபளக்கச் சுரண்டி, பாசிட்டிவை முதலில் பூட்டி, நெகட்டிவை இறுதியில் இறுக்கினோம். முதல் திருப்பிலேயே யந்திரம் உறுமியது. கரை சேர்ந்தபின், சமையல் சோடா கரைத்த நீரால், அறைகளுக்குள் இறங்காதவாறு கழுவித் துடைத்து, கிரீஸ் பூசினோம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். மோதிரம், உலோக வளையல் ஆகியவற்றைக் கழற்றாமல் பாட்டரியில் கை வைக்கலாகாது. மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும், நெருப்பை அணுகவிடலாகாது. ஸ்டார்ட்டரைப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து இயக்காமல், இரண்டு நிமிஷம் ஆறவிடுக. உள்ளே அமைந்த பெட்ரோல் யந்திரமாயின், சாவியைத் தொடுமுன் நான்கு நிமிஷமேனும் காற்றோட்ட விசிறியை ஓட்டி, மோந்து பார்த்து, பெட்ரோல் வாடை இல்லையென்று தெளிதல் வேண்டும். விலை குறைவென்று அத்தகைய படகில் மோட்டார் காரின் ஸ்டார்ட்டரைப் பொருத்துவது பெருந்தவறு. படகுக்கென்று செய்யப்பட்டதில் தீப்பொறி வெளிவராத அடைப்பு உண்டு. காருக்கு உரியதில் அது இல்லை. ஒரு பொறி போதும், படகே தீக்கிரையாகிவிடும்.

அன்று புதுப் பாட்டரி வாங்கியிருந்தால், பிடியை அசைத்துப் பூட்டிய அளவில் சில நாள் ஓடியிருக்கும். பின்னர் நடுக்கடலில் மீண்டும் அதே "டக்". பணமும் போய், ஆபத்தும் நீங்காதிருந்திருக்கும். ஆதலின், படகை நீரில் இறக்குமுன் அரை மணி நேரம் செலவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் கழற்றித் துடையுங்கள். அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் குழந்தைகள் படகில் ஏறுகிறார்கள்.