கூரை நம்முடையது, தகடு யாருடையது?

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுடன் செம்பவாங்கில் வெல்லிங்டன் சர்க்கிள் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். “ஏம்மா, இந்த புளோக் மேலேயும் சோலார் இருக்காமே? உங்களுக்கு மானியம் எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டார்.

அவர் வீட்டு மொட்டைமாடியிலும் தகடு ஏறிவிட்டது. இந்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தகடும் அவருடையது, மின்சாரமும் அவருடையது. நமக்கு அப்படி இல்லை என்பதை விளக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

வீவக 2008ல் சூரியசக்தியைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த முதல் இரண்டு பேட்டைகளில் வெல்லிங்டனும் ஒன்று. மற்றது சிராங்கூன் நார்த். அன்று தகடுகளின் விலை மிக அதிகம். நகர மன்றம் ஒவ்வொன்றும் சொந்தமாக வாங்கிப் பொருத்துவதென்றால், நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் பணம் எடுக்க வேண்டியிருக்கும். பிறகு விலை சரிந்தால் நஷ்டமும் நம் தலையில்தான்.

அதற்கு மாற்றாக 2011ல் பொங்கோலில் குத்தகை முறை வந்தது. தனியார் நிறுவனம் தன் பணத்தில் தகடு பொருத்தி, 20, 25 ஆண்டுகளுக்குப் பராமரிக்கும். நகர மன்றம் தகட்டை வாங்குவதில்லை, அதிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டும் வாங்குகிறது, அதுவும் வழக்கமான மின்கட்டணத்தைத் தாண்டாத விலையில். பகலில் அது மின்தூக்கியையும் நீரேற்றும் பம்பையும் ஓட்டுகிறது. மிஞ்சியது மின்கட்டமைப்புக்குப் போகிறது. தாழ்வார விளக்கு எரியும் இரவில் வெயில் ஏது? அப்போது வெளியிலிருந்துதான் மின்சாரம்.

தேக்கா சந்தையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்பவருக்கும் மூட்டையாகக் கேட்பவருக்கும் விலை ஒன்றாகவா இருக்கும்? 2014ல் வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் தொடங்கிய ‘சோலார்நோவா’ திட்டத்தின் கணக்கும் அதுதான். பல நகர மன்றங்களின் கூரைகளையும் அரசாங்க அமைப்புகளின் கூரைகளையும் ஒன்றுசேர்த்து ஒரே ஏலக்குத்தகை விடுவார்கள். 76 மெகாவாட்டுக்கான முதல் ஏலக்குத்தகையை 2015ல் சன்சீப் நிறுவனம் பெற்றது. 2030க்குள் வீவக கூரைகளில் 540 மெகாவாட் என்பது இலக்கு.

முதலீட்டு அபாயம் நம்மிடம் இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் முதலீட்டின் லாபமும் நம்மிடம் இல்லை. ஜெர்மனியில் அக்கம்பக்கத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பங்கு போட்டுத் தகடு வாங்குகிறார்கள். இங்கே நான்கறை வீட்டுக்காரர் தன் புளோக்கின் கூரையில் நூறு வெள்ளி போட நினைத்தாலும் இந்தக் குத்தகை முறையில் அதற்கு இடமில்லை. அது போகட்டும். சூரியசக்தியால் நம் புளோக்கில் எவ்வளவு மிச்சமானது என்பதையாவது மாதக் கட்டணச் சீட்டில் ஒரு வரியாகப் போடலாமே என்பது என் ஆசை. நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ஆனால் அதில் தன் புளோக்கைத் தேடிப் பார்க்க யாருக்கு நேரம்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினார். “சரி, உங்க கூரையில விழுற வெயிலை நீங்களே காசு குடுத்து வாங்குறீங்க. விலையாவது குறைச்சலா?”

அதைத்தான் அடுத்த முறை நகர மன்றத்தில் கேட்கப்போகிறேன்.