ரயில் விட்ட போர்டும் தேர்தல் கேட்கும் ஊராட்சியும்

மயிலாடுதுறை – திருவாரூர் ரயில் பாதையைப் போட்டது யார் என்று கேட்டால், பலரும் வெள்ளைக்காரன் என்பார்கள். பணம் போட்டதென்னவோ தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து செஸ் வசூலித்து, 1894-இல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை ரயில் விட்டது அந்த உள்ளாட்சி அமைப்பு.

அன்று போர்டிடம் காசு இருந்தது. குடிகளிடம் அதிகாரம் இல்லை. வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. போர்டில் மிராசுதார்களும் வக்கீல்களும் உட்கார்ந்தார்கள். 1866-இல் உருவான மாயவரம் நகராட்சிக்கு, முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தலைவராக இருந்தார். கிராமத்திலோ பட்டாமணியாரும் கணக்குப்பிள்ளையும் வைத்ததே சட்டம். அப்பா வேலை பிள்ளைக்கு வரும். குடிமராமத்து என்றால் மிராசுதார் ஆள் அனுப்புவார்; வாய்க்காலில் இறங்கி வெட்டுவது பண்ணையாள். அவருக்கு எந்தப் போர்டிலும் நாற்காலி கிடையாது.

பரம்பரை மணியம் 1980-இல் ஒழிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தை ஒட்டி 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு கிடைத்தது. பெண்களின் பங்கு 2016-இல் பாதியானது. பண்ணையாளின் பேத்தி செக்கில் கையெழுத்துப் போடும் காலம் பிறந்தது.

ஆனால் செக்கில் எழுதப் பணம்? வீட்டு வரியும் குழாய் வரியும் தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரைந்துவிடும். மற்றதற்கெல்லாம் நிதிக்குழு மானியத்தை எதிர்பார்க்க வேண்டும். ரயில் விட்ட மண்ணில், ஒரு மதகைப் பழுதுபார்க்கவும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் அதன் 5 ஒன்றியங்களிலும் 241 ஊராட்சிகளிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்காமலே நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243E பிரிவு.

அன்று காசிருந்த இடத்தில் குடிகள் இல்லை. குடிகளுக்கு இடம் கிடைத்தபோது காசு இல்லை. தனி அலுவலர் ஆட்சியில் இரண்டுமே இல்லை. தேர்தலை உரிய காலத்தில் நடத்துவதும், வரி வருவாயில் ஊராட்சிக்கு உரிய பங்கைத் தருவதும் சலுகை அல்ல, கடமை. அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகப் போடுங்கள்.