தாயின் பெயரில் ஒரு விண்ணப்பம்

தாயகத்தை விட்டுத் தூர தேசத்திற் குடியேறும் ஒரு குடும்பம் தன்னுடன் கொண்டு செல்பவை மிகச் சில. இரண்டு பெட்டி உடுப்பும், ஒரு சுவாமிப் படமும், சில கடிதங்களும் போக, அதன் செல்வமெல்லாம் பிள்ளைகளே. சென்றடைந்த நாட்டின் அரசாங்கம் அக்குடும்பத்தை நோக்கி, ‘இப்பிள்ளைகளை வளர்ப்பவர் யார்?’ என்று ஒரு படிவத்தின் வாயிலாக வினவுகின்றது. 1983 ஆம் ஆண்டின் பின் இலங்கையை விட்டுக் கனடா சென்று, ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியமர்ந்த நம்மவருட் பல்லாயிரவர் இவ்வினாவுக்கு விடை எழுதியுள்ளனர். பிள்ளைகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவைக் கோரும் விண்ணப்பத்தின் உயிர்நாடி இவ்வினாவே. பார்வைக்கு எளிய இவ்வினாவினுள்ளே பெண்ணுரிமையும் உண்டு. நாடிழந்தோரின் துயரும் உண்டு.

இக்கொடுப்பனவு நேற்று முளைத்ததன்று. இரண்டாம் உலகப் போர் ஓயாத வேளையில், மக்கென்சி கிங் பிரதமராயிருந்த 1944 ஆம் ஆண்டில், கனேடியப் பாராளுமன்றம் குடும்பக் கொடுப்பனவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1945 ஜூலை முதலாகப் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அவரவர் வயதுக்கேற்ப, மாதந்தோறும் 5 முதல் 8 டொலர் வரை வழங்கப்பட்டது. செல்வர் வீடு, வறியவர் வீடு என்னும் பேதம் அதில் இருக்கவில்லை. ஆனால், வெளிநாட்டிற் பிறந்து வந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு வேலி இடப்பட்டிருந்தது. மூன்றாண்டுகள் கனடாவில் வாழ்ந்த பின்னரே அப்பிள்ளை கணக்கிற் சேர்க்கப்பட்டது. 1949 இல் அம்மூன்றாண்டு ஓராண்டாகக் குறைந்தது. வந்தேறியவரின் பிள்ளைக்கும் வந்த அன்றே பசிக்கும் என்பதைச் சட்டம் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது.

காசோலையை யார் பெயரில் எழுதுவது என்பதிலும் பிணக்கு எழுந்தது. தாயின் பெயருக்கே அனுப்புவதென்பது பொது ஏற்பாடு. கியூபெக் மாகாணத்தில் மட்டும், குடும்பத் தலைவன் கணவனே என்னும் அம்மாகாணச் சிவில் சட்டத்தைக் காட்டி, பணம் தகப்பனுக்கே சேரவேண்டுமென்று வாதிட்டனர். 1940 இல் அம்மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெறுவதற்கு முன்னின்று உழைத்த தெரேஸ் காஸ்கிரேன் அம்மையார் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். முடிவில் கியூபெக் தாய்மாரும் தம் பெயரிலேயே காசோலை பெற்றனர். தொகை சிறிதுதான். ஆயினும், தன் பெயர் பொறித்த காசோலையை வாழ்விலே முதன் முறையாகக் கையில் ஏந்திய பெண்ணுக்கு அது சிறிதாகத் தோன்றியிராது.

பழைய குடும்பக் கொடுப்பனவு 1992 ஆம் ஆண்டோடு மறைந்தது. அதன் வழிவந்த திட்டங்களின் இன்றைய உருவம் 2016 ஜூலையில் தொடங்கியது. அவ்வாண்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 6,400 டொலரும், ஆறு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைக்கு 5,400 டொலரும் உச்ச அளவாக விதிக்கப்பட்டன. குடும்ப வருமானம் ஏற ஏறத் தொகை இறங்கும். பெற்ற பணத்துக்கு வரி இல்லை. தாய் பிள்ளையுடன் வாழ்கின்றாளாயின், வளர்ப்பவள் அவளே என்று சட்டம் முதலில் அனுமானிக்கின்றது. தகப்பனே வளர்ப்பவரென்றால், தாய் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை அவர் இணைத்தல் வேண்டும். வீட்டு அலுவல்களுக்கெல்லாம் தகப்பனே கையொப்பமிடும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், இது சிறியதொரு புரட்சியென்றே சொல்லலாம். பேரப்பிள்ளையைத் தானே வளர்க்கும் அம்மம்மாவுக்கும் இவ்விதி இடமளிக்கின்றது.

விண்ணப்பத்தை நிரப்புவதில் நம்மவர்க்கென்றே சில முட்கள் உள. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பு அத்தாட்சி காட்டவேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரமாயின், தகுதியுடையார் செய்த மொழிபெயர்ப்பும் உடன் வேண்டும். படிவமோ குடும்பப் பெயர் ஒன்று, இட்ட பெயர் ஒன்று எனக் கேட்கின்றது. நமக்கோ தகப்பன் பெயரே முதலெழுத்தாக நிற்கின்றது. தாய்க்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு வேறொன்று. ஆங்கில எழுத்திலும் கடவுச்சீட்டில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் வேறொரு விதம். இவ்வேற்றுமைகளை முற்கூட்டியே விளக்கி எழுதுவோர் பின்னர் வரும் கடிதப் போக்குவரத்திலிருந்து தப்புவர். கனடாவிற் குடிபுகுமுன் ஊரில் ஈட்டிய வருமானத்தையும் டொலர்க் கணக்கிற் காட்டவேண்டும். யாழ்ப்பாணத்து ஆசிரியரின் சம்பளமும் அக்கணக்கில் அடங்கும். யாவற்றுக்கும் மேலாக, கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் வருமான வரி அறிக்கை அளித்தல் வேண்டும். ஒரு சதமேனும் உழைக்காத மனைவிக்கும் இவ்விதி உண்டு. ‘எனக்குத்தான் வருமானமில்லையே’ என்று வாளாவிருந்த குடும்பங்களுக்கு ஜூலை மாதத்திற் பணம் நின்றுபோகும்.

இத்தனை வினாக்களுக்கும் உழைப்பாலும் பொறுமையாலும் விடை காணலாம். அவற்றால் விடை காண இயலாத வினா ஒன்றும் அங்கே உண்டு. அது பெற்றோரின் குடிவரவு நிலை பற்றியது. விண்ணப்பிப்பவரோ, அவர் துணையோ கனேடியப் பிரசையாகவோ, நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ, அகதியென ஏற்கப்பட்டவராகவோ இருந்தால் வழி திறக்கும். கல்விக்கோ தொழிலுக்கோ தற்காலிக அனுமதியுடன் சென்றவர் பதினெட்டு மாதங்கள் அங்கு வாழ்ந்து, பத்தொன்பதாம் மாதத்திலும் செல்லுபடியாகும் அனுமதியை உடையவராயிருத்தல் வேண்டும். அகதிக் கோரிக்கை விடுத்துத் தீர்ப்புக்குக் காத்திருப்போருக்கோ அத்தீர்ப்பு வரும்வரை இக்கொடுப்பனவு இல்லை. அக்காத்திருப்பின் நடுவே கனேடிய மண்ணிலே ஒரு குழந்தை பிறந்தால், அது பிறப்பாற் கனேடியப் பிரசை. ஆயினும், பெற்றோரின் நிலை தீராத காரணத்தால் அப்பிரசையின் பெயரிலும் பணம் வராது.

அரசாங்கத்தின் பக்கம் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை. யார் தங்குவார், யார் திரும்புவார் என்று தெரிந்த பின்னரே நிலையான உதவி என்பது அதன் வாதம். காத்திருப்போரின் பிள்ளைகளுக்கும் பாடசாலைக் கதவு திறந்தே இருக்கின்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆனால், ‘வளர்ப்பவர் யார்?’ என்ற வினாவுக்குக் காத்திருக்கும் தாயும் மற்றத் தாய்மாரைப் போலவே விடை கூற வல்லவள். பாலும் சப்பாத்தும் குளிர்காலச் சட்டையும் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பதில்லை. பெற்றோரின் வழக்கு முடியாமைக்குக் குழந்தை பொறுப்பாளியாகாது.

நம்மவருட் சிலர் இப்பணத்தைப் பிச்சையென்று எண்ணிக் கூசுகின்றனர். அக்கூச்சம் பிழையானது. பிள்ளை வளர்ப்பு நாட்டுக்கான உழைப்பு என்று ஒப்புக்கொண்ட சமுதாயம், அவ்வுழைப்பிற் பங்கேற்கும் முறையே இக்கொடுப்பனவு. உண்மையை எழுதி, உரிய காலத்தில் விண்ணப்பித்தல் உரிமையும் கடமையுமாம்.

1945 இல் மூன்றாண்டாக இருந்த வேலி 1949 இல் ஓராண்டாயிற்று. நிரந்தர வதிவுரிமையுடன் இன்று வந்திறங்குபவர் ஓராண்டும் காத்திருப்பதில்லை. வேலிகள் தாமாகத் தாழ்வதில்லை. தாழ்த்தவேண்டுமென்று காஸ்கிரேன் அம்மையாரைப் போற் கேட்போர் இருந்தமையாலேயே தாழ்ந்தன. எஞ்சி நிற்கும் வேலியைப் பற்றிக் கேட்கவேண்டியவர்கள், அதனை ஒரு காலத்திற் கடந்து வந்து இன்று அந்நாட்டின் வாக்காளராய் விளங்கும் நம்மவரே.