தண்டவாளம் இல்லாத நிலையம்

ஜார்ஜ் டவுன் நகரின் கடற்கரையோரமாகச் செல்லும் வெல்டு கரைச் சாலையில், 'காட் லெபோ சீனா' என்னும் தெருவின் முனையில், மணிக்கூண்டு தாங்கிய பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. இன்று அதன் பெயர் விஸ்மா கஸ்தாம். சுங்கத் துறைக்கு உரியது. 1907-ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடத்தின் பழைய பெயர் மலாயா இரயில்வே கட்டடம். இணைந்த மலாய் மாநிலங்களின் இரயில்வே அதனைக் கட்டியது. பயணிகள் அங்கே சீட்டுப் பெற்றார்கள். ஆயினும் அந்நிலையத்துக்குள் ஓர் இரயில்கூட வந்ததில்லை. வருவதற்குத் தண்டவாளமும் இல்லை.

காரணம் எளியது. இரயில் பாதை எதிர்க்கரையிலுள்ள பிறையில் முடிந்தது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள நீரிணை, அகலம் குறைந்த இடத்திலேயே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஆகவே பயணி ஜார்ஜ் டவுனில் சீட்டு வாங்குவார். அருகிலிருந்த இரயில்வே படகுத்துறையிலிருந்து படகேறிப் பிறையை அடைவார். அங்கே வண்டி ஏறுவார். 1909-இல் பாதை ஜொகூர் பாருவரை நீண்டது. 1918-இல் பாடாங் பெசார் வழியாகச் சயாமுடன் இணைந்தது. 1923-இல் ஜொகூர்க் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூரையும் எட்டியது. இத்தனை ஊர்களுக்குமான வாயில், அந்த இரயில் பாதை எட்டாத ஒரு தீவில் இருந்தது. 'இரயில் இல்லாத இரயில் நிலையம்' என்று அதனை வேடிக்கையாகக் குறிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு.

இதற்கு நேர் எதிரான காட்சியை நியூயார்க்கில் காணலாம். அந்நகரின் நிலத்தடி இரயில் சேவை 1904-இல் தொடங்கியபோது திறக்கப்பட்ட சிட்டி ஹால் நிலையம், 1945 டிசம்பர் 31-ஆம் நாள் மூடப்பட்டது. வளைந்த அதன் நடைமேடை, பிற்காலத்து நீண்ட வண்டிகளுக்குப் பொருந்தவில்லை. ஆனால் இன்றும் வண்டிகள் நிற்காமல் அவ்வழியே திரும்பிச் செல்கின்றன. அங்கே தண்டவாளம் பயன்படுகிறது, நிலையம் ஓய்ந்துவிட்டது. இங்கோ தண்டவாளம் இல்லாமலேயே நிலையம் இயங்கியது. அப்படியாயின் ஒரு நிலையத்தை நிலையமாக்குவது எது?

நம் சொற்களை வைத்தே இவ்வினாவை ஆராயலாம். 'ரெயில்' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் இருப்புச் சட்டத்தையே குறிக்கும். தமிழில் 'இரயில் வந்தது' என்கிறோம்; வந்தது சட்டமன்று, அதன்மேல் ஓடும் வண்டி. இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகி வருவதால், நம் இலக்கண நெறிப்படி இதனை இடவாகுபெயர் எனலாம். 'புகைவண்டி' என்பது அது கக்கிய புகையால் வந்த பெயர். 'தொடர்வண்டி' பெட்டிகள் தொடர்ந்திருக்கும் அமைப்பால் வந்தது. இலங்கைத் தமிழர் 'புகையிரதம்' என்பர். இச்சொற்கள் காட்டும் சட்டம், புகை, தொடர் ஆகிய எதுவும் ஜார்ஜ் டவுன் கட்டடத்தில் இருந்ததில்லை. எஞ்சுவது 'நிலையம்' என்னும் சொல்லே.

உறைவிடத்தைக் குறிக்கும் 'நிலயம்' என்னும் வடசொல்லின் சாயல் அதில் உண்டு எனினும், தமிழ்ச் செவி அதில் கேட்பது 'நில்' என்னும் வினையை. 'ஸ்டேஷன்' என்பதும் நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. இரு மொழிகளும் ஓட்டத்தை விட்டு நிற்றலைக் கொண்டு பெயரிட்டுள்ளன. போகவேண்டியவர் நின்று, சீட்டுப் பெற்று, நேரம் பார்த்துக் காத்திருக்கும் இடமே நிலையம். இப்பொருளில் ஜார்ஜ் டவுன் கட்டடம் குறையேதுமற்ற நிலையம்.

நிற்றல் என்பது எப்போதும் விரும்பி நிற்பதன்று. 1907-ஆம் ஆண்டு நமக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. தோட்டங்களுக்குத் தொழிலாளரை வரவழைக்கும் செலவுக்கெனத் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டதும் அவ்வாண்டில்தான். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கு வந்த தொழிலாளர் பலர் முதலில் கண்ட நிலையம் இரயில் நிலையமன்று. ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு நிலையம். அங்கே அவர்கள் நிறுத்திவைக்கப்பட்டார்கள். அதன் பின்னரே பெருநிலமும் இரயிலும் தோட்டமும். உதவிபெற்று வரும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை இவ்வழி ஓயவில்லை. கங்காணி, கிராணி, லயம், கித்தா முதலிய சொற்கள் நம் முன்னோர் வழக்கில் ஊன்றியதும் இப்பயணங்களின் முடிவில்தான்.

நிலையம் ஓய்ந்ததும் படிப்படியாகவே. இரயிலின் கடைமுனை பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறியது. அங்கே படகுத்துறையும் இரயில் நிலையமும் அருகருகே அமைந்தன. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், கடல் கடக்கப் படகு ஒன்றே வழி என்ற நிலையும் மாறியது. கட்டடம் சுங்கத் துறையிடம் சேர்ந்தது. இங்கும் ஒரு சொல் நம்மை நிறுத்துகிறது. தெருப்பெயரிலுள்ள 'காட்' என்பது படித்துறையைக் குறிக்கும் இந்திச் சொல். கடலோரத் துறையில் எழுந்த கட்டடம் அரசுத் துறை ஒன்றின் இல்லமாயிற்று. 'துறை' என்னும் ஒரே தமிழ்ச்சொல் இறங்குமிடத்தையும் அலுவலையும் குறிப்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

வெல்டு கரைக்குப் பெயர் தந்த ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரைத் தாங்கிய மற்றோர் இடம், பேராக்கிலிருந்த போர்ட் வெல்டு. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கே சென்றது. இன்று அங்குத் தண்டவாளம் இல்லை. ஊரின் பெயரும் கோலா செபெத்தாங் என மாறிவிட்டது. பழைய பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் நிற்கிறது. தமிழ் படிக்கும் மக்கள் அவ்வழியில் இருந்தார்கள் என்பதற்கு அப்பலகை சான்று. ஜார்ஜ் டவுன் கட்டடத்தைக் கடந்து செல்லும் நம் மாணவர்க்கோ, தம் முன்னோரின் வழி அக்கடற்கரையோடு தொடர்புடையது என்பதைக் கூறும் பலகை எதுவும் தேவைப்படாதவாறு நாமே கற்பித்திருக்க வேண்டும்.

2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரானது. அப்பட்டியல் கட்டடங்களைக் காக்கும். அவற்றின் வழியே சென்றவர்களின் சொற்களைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. ஆசிரியர்கள் மாணவரை ஒருநாள் அந்த மணிக்கூண்டின் அடியில் நிறுத்தி, எதிர்க்கரையைக் காட்டலாம். பின்னர் வீட்டிலுள்ள முதியோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்: குடும்பத்தில் முதலில் கடல் கடந்தவர் யார்? எந்தத் துறையில் இறங்கினார்? அவ்விடத்தை அவர் எச்சொல்லால் அழைத்தார்? மூன்றாம் வினாவுக்கு விடை கூறக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே. ஆதலால் இப்பணியை அடுத்த பள்ளித் தவணைக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.