ஆள் வந்தால் எரியும் விளக்கு

சேலையூர்ப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில், இரவில் மாடிப்படியில் கால் வைத்ததும் விளக்கு தானே எரியும். நாம் போன சிறிது நேரத்தில் தானே அணையும். இந்தச் சுவிட்சையே அறையின் மின்விசிறிக்கும் பொருத்தினால் என்ன? மாணவர்களே, முதலில் அது எதை உணர்கிறது என்று காண்போம்.

சூடான பொருள்கள் அனைத்தும் கதிர் வீசுகின்றன. ஜெர்மானிய இயற்பியலாளர் வீன் 1893-இல் கண்ட விதிப்படி, 2898 என்ற எண்ணைப் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அது மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். நமது தோலின் வெப்பநிலை சுமார் 33 பாகை செல்சியஸ். அதாவது 306 கெல்வின். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 9.5 மைக்ரான். இது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். சுவிட்சின் வெண்ணிற மூடியிலுள்ள சிறு லென்சுகள், உள்ளே அருகருகே அமைந்த இரண்டு உணர்விகளின் மேல் இக்கதிரைக் குவிக்கின்றன. நீங்கள் நடந்தால், கதிர் ஓர் உணர்வியிலிருந்து மற்றதற்கு மாறும். இந்த மாற்றமே விளக்கை எரியவைக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, அசையாமல் படிப்பவரும் உறங்குபவரும் இந்தச் சுவிட்சுக்கு இல்லாதவர்களே. அவர்களுக்கு விசிறி நின்றுவிடும். இரண்டு, மே மாதப் பிற்பகலில் சுவர்களும் தோலின் வெப்பநிலையை நெருங்கிவிட்டால், ஆளையும் சுவரையும் அது பிரித்தறிவது கடினம். விசிறி மிகவும் தேவைப்படும் வேளை அதுவே அல்லவா? நுண்ணலையால் இயங்கும் வகை, சிறு அசைவையும் உணரும். ஆனால் சுழலும் விசிறியையே ஆள் என்று கொண்டு, அணையாமலே இருந்துவிடக்கூடும்.

மேலும், விசிறி என்பது கம்பிச்சுருள்கள் கொண்ட மோட்டார். சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரென நின்றால், உயர்ந்த மின்னழுத்தம் தூண்டப்படும். சுவிட்சின் தொடுமுனைகளில் பொறி பறந்து, அவை நாளடைவில் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே 'மோட்டார் சுமை' எவ்வளவு என்று தனியே குறிப்பிடாத சுவிட்சை, 75 வாட் விசிறிக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாதுகாப்பு. நியூட்ரல் கம்பி இணைக்கப்படாத சுவிட்சுகள், தமக்கு வேண்டிய சிறிதளவு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே பெறுகின்றன. அணைந்த எல்.இ.டி. விளக்கு இருட்டில் மங்கலாக மினுக்குவதற்கு இது ஒரு காரணம். அணைந்துவிட்டது என்றால் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று பொருளல்ல! நியூட்ரல் இணைப்பும் ரிலேயும் உள்ள வகையில் இந்தக் கசிவு இராது. ஆனால் பல்பு மாற்ற நீங்கள் ஏணியில் ஏறினாலே, ஆள் வந்ததாக உணர்ந்து 230 வோல்ட்டை ஹோல்டருக்கு அனுப்பிவிடும். ஆகையால் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இணைப்புவேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும். சுவிட்ச், நியூட்ரலில் அல்லாமல் ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாடிப்படி, நடைவழி, குளியலறை விளக்குகளுக்கு இந்தச் சுவிட்ச் நல்ல துணை, மின்சாரமும் மிச்சமாகும். விசிறிக்கோ, கையால் போடும் பழைய சுவிட்சே போதும்.