கட்டமைப்புத் திசையும் அச்சிட்ட உலோகக் கலவைகளின் வலிமையும்

லேசர் தூள்படுகை முறையில், உலோகத்தூள் பொதுவாக 30 முதல் 60 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாகப் பரப்பப்பட்டு உருக்கி இணைக்கப்படுகிறது. இவ்வாறு உருவாகும் பொருளின் வலிமை, விசை செயற்படும் திசையைப் பொறுத்து வேறுபடுகிறது. இதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு.

முதலாவது, குறைபாடுகளின் வடிவம். தூள் முழுமையாக உருகாத இடங்களில் தோன்றும் தட்டையான இடைவெளிகள் அடுக்குகளுக்கு இணையாக அமைகின்றன. அடுக்குகளுக்குச் செங்குத்தாக இழுக்கும்போது அவை விரிந்து, அவற்றின் விளிம்புகளில் தகைவு குவிகிறது. அடுக்கின் தளத்திலேயே இழுத்தால் பாதிப்பு குறைவு.

இரண்டாவது, படிகமணிகளின் அமைவு. வெப்பம் பெரும்பாலும் கீழ்நோக்கிக் கடத்தப்படுவதால் மணிகள் தூண்போல மேல்நோக்கி வளர்கின்றன. நிக்கல் கலவை 718-இல், கனசதுரப் படிகத்தின் விளிம்புத் திசை கட்டமைப்புத் திசையோடு ஒன்ற முனைகிறது. அத்திசையில் யங் குணகம் மிகக் குறைவு. எனவே குறைபாடே இல்லாவிடினும் விறைப்பு திசைக்கேற்ப மாறும்.

இக்காரணங்களைப் பிரித்தறிந்தாலே தீர்வின் எல்லை புலப்படும். 6% அலுமினியமும் 4% வனேடியமும் கொண்ட டைட்டானியக் கலவையைச் சுமார் 920° செல்சியசில், 100 மெகாபாஸ்கல் சமஅழுத்தத்தில் வைத்தால் உட்புற இடைவெளிகள் மூடுகின்றன; மேற்பரப்பில் திறந்தவை மூடுவதில்லை. அவ்வெப்பநிலை, பீட்டா நிலைமாற்றம் நிறைவுறும் ஏறத்தாழ 995°-க்குக் கீழே இருப்பதால் தூண்மணிகளின் தடமும் அழிவதில்லை.

ஆதலின், திசை குறிக்கப்படாத வலிமை மதிப்பு வடிவமைப்புக்குப் போதாது. கட்டமைப்புத் திசையை இசட் அச்சாகக் கொள்ளும் ஐ.எஸ்.ஓ./ஏ.எஸ்.டி.எம். 52921 தரநிலையின்படி மாதிரியின் கிடப்பையும் ஆய்வேடுகள் பதிவுசெய்தல் இன்றியமையாதது.